பூசணிப் பூவும் தேனீயும்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே ஒரு வீட்டின் பின்புறம், கிணற்றடியை ஒட்டி ஒரு பூசணிக் கொடி இருந்தது. சில ஊர்களில் பரங்கி என்று சொல்வார்களே, அந்த மஞ்சள் பூசணிதான். விதை போட்டவர் அந்த வீட்டு ஆச்சி. தினமும் அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவார். கொடியும் நன்றாகத்தான் வளர்ந்தது. மாட்டுக் கொட்டகையின் கூரை மேல் ஏறிப் படர்ந்தது. இலைகள் முறம் போல விரிந்தன. பூவும் ஏராளமாகப் பூத்தது. ஆனால் காய் மட்டும் நிற்கவில்லை. கோலிக்குண்டு அளவுக்குப் பிஞ்சு தெரியும். மூன்று நான்கு நாட்களில் அது மஞ்சளாகி, வெம்பி உதிர்ந்துவிடும்.

"எவ கண்ணு பட்டுச்சோ, ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது" என்று ஆச்சி வருத்தப்பட்டார். கொட்டகை முகப்பில் ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார். பயன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "ஆச்சி, இது பூச்சி விழுந்திருக்கு. உரக்கடையில சொன்னா மருந்து தருவாங்க. காலையில பூ விரிஞ்சிருக்கும்போதே அடிச்சு விடுங்க, எல்லாம் சரியாயிரும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். மருந்து வாங்கப்பட்டது. வாரம் இரண்டு முறை காலையில் கைத்தெளிப்பானால் அடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு, அதுவரை தப்பித் தவறி நின்ற ஒன்றிரண்டு பிஞ்சுகளும் நிற்கவில்லை.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டும் அல்ல. கொல்லையில் நாலு செடி வைத்திருப்பவர்கள், மாடியில் பைகளில் காய்கறி வளர்ப்பவர்கள் என்று பலரும் இதே தவறைச் செய்கிறார்கள். அந்தக் கொடிக்கு எந்த நோயும் இல்லை. அதற்கு வேண்டியிருந்தது ஒரு விருந்தாளி. அந்த விருந்தாளி வரும் நேரம் பார்த்து, வாசலிலேயே விஷத்தை வைத்ததுதான் நடந்தது.

பூசணிப் பூவின் கணக்கு

பூசணிக் கொடியில் இரண்டு வகைப் பூக்கள் உண்டு. ஆண் பூ ஒன்று, பெண் பூ ஒன்று. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி மஞ்சளாக இருக்கும். ஆனால் பூவின் அடியைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆண் பூ நீண்ட மெல்லிய காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி போல ஓர் உருண்டை இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் "காய் பிடித்துவிட்டது" என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது இன்னும் காய் ஆகவில்லை. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடியில் வந்து சேர்ந்தால்தான் அது காயாக வளரும். சேராவிட்டால் கொடி அதைக் கைவிட்டுவிடும். ஆச்சி பார்த்த வெம்பிய பிஞ்சுகளின் இரகசியம் இதுதான்.

கொடியில் முதலில் ஆண் பூக்கள்தான் பூக்கும். அவை உதிர்வது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. பெண் பூக்கள் சில நாட்கள் கழித்தே வரும், எண்ணிக்கையிலும் குறைவாகவே இருக்கும். இன்னொரு முக்கியமான செய்தி, பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏற ஏறச் சுருங்கி, நண்பகலுக்குள் மூடிவிடும். ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம் மட்டும்தான். அடுத்த நாள் அதே பூ மறுபடி விரியாது.

நெல், சோளம், புல் போன்றவற்றின் மகரந்தம் மிகவும் இலேசானது. காற்றே அதைச் சுமந்து சென்றுவிடும். பூசணியின் மகரந்தமோ பெரியது, கனமானது, பிசுபிசுப்பானது. காற்றால் அதைத் தூக்கிச் செல்ல முடியாது. யாராவது கால் வைத்து, உடம்பில் பூசிக்கொண்டு, அடுத்த பூவுக்குப் போக வேண்டும். அந்த யாராவதுதான் தேனீ.

ஒரு முறை ஒரு தேனீ வந்து போனால் போதும் என்றும் சொல்ல முடியாது. பூசணி, வெள்ளரி போன்றவற்றில் போதுமான மகரந்தம் விழுந்தால்தான் விதைகள் நிறைய உருவாகும். விதைகள் சரியாக உருவானால்தான் காய் ஒழுங்காகப் பருக்கும். ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிப் போன வெள்ளரிக்காயைப் பார்த்தால், அந்தப் பூவுக்கு வந்த விருந்தாளிகள் போதவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

தேனீ செய்யும் வேலை

தேனீ செடிக்கு உதவி செய்ய வேண்டும் என்று நினைத்து வருவதில்லை. அது தன் குடும்பத்துக்கு உணவு தேடி வருகிறது. பூவின் அடியில் உள்ள இனிப்பு நீர் அதற்கு ஆற்றல் தரும் உணவு. மகரந்தம் அதன் குஞ்சுகளுக்குப் புரத உணவு. உடம்பு முழுவதும் உள்ள மெல்லிய மயிர்களில் மகரந்தத் தூள் ஒட்டிக்கொள்ளும். தேனீ அதைக் கால்களால் வாரி, பின்னங்கால்களில் உள்ள கூடை போன்ற அமைப்பில் உருண்டையாகச் சேர்த்துக்கொள்ளும். காலையில் பூவருகே நின்று பார்த்தால், பின்னங்கால்களில் மஞ்சள் மூட்டை கட்டிக்கொண்டு பறக்கும் தேனீக்களைப் பார்க்கலாம். வாரியது போக மயிர்களில் மிச்சம் இருக்கும் தூள்தான் அடுத்த பூவுக்குப் போய்ச் சேருகிறது. இதைத்தான் அயல் மகரந்தச் சேர்க்கை என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன.

வண்ணத்துப்பூச்சி, ஈ, வண்டு, தேன்சிட்டு, வௌவால் எல்லாம் பூக்களுக்கு வருகின்றனவே, தேனீக்கு மட்டும் என்ன தனிச் சிறப்பு? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். முதலாவது, தேனீ தனக்கு மட்டும் சாப்பிட வருவதில்லை, குஞ்சுகளுக்கும் சேர்த்து வாங்கிப் போக வருகிறது. அதனால் அது ஒரு நாளில் ஏறி இறங்கும் பூக்களின் எண்ணிக்கை மிக அதிகம். இரண்டாவது, ஒரு முறை கூட்டை விட்டுக் கிளம்பினால் பெரும்பாலும் ஒரே வகைப் பூக்களுக்கே போய்வரும். பூசணிக்குப் போனால் பூசணி, முருங்கைக்குப் போனால் முருங்கை. பூசணி மகரந்தம் முருங்கைப் பூவில் விழுந்தால் யாருக்கும் பயன் இல்லை அல்லவா? தேனீயின் இந்தப் பழக்கத்தால் மகரந்தம் சரியான முகவரிக்குப் போய்ச் சேர்கிறது.

பூக்கள் எங்கே இருக்கின்றன என்பதைத் தேனீக்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. உணவைக் கண்டு திரும்பிய தேனீ கூட்டுக்குள் ஒரு வகை ஆட்டம் ஆடும். அந்த ஆட்டத்தின் கோணம் திசையையும், ஆடும் நேரம் தூரத்தையும் காட்டும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் வான் ஃபிரிஷ் பல ஆண்டுகள் கூர்ந்து பார்த்து இதைக் கண்டறிந்தார். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு 1973ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு தேனீ அல்ல, பல தேனீக்கள்

தேனீ என்றதும் பலருக்கும் ஒரே ஒரு பூச்சிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உலகில் 20,000க்கும் அதிகமான தேனீ இனங்கள் உள்ளன. அவற்றில் தேனைச் சேமித்து வைத்து மனிதனுக்குக் கொடுப்பவை மிகச் சில.

தமிழ்நாட்டில் தேன் தரும் தேனீக்களில் ஐந்து வகைகளைப் பார்க்கலாம். பெரிய மரங்களிலும், பாறைகளிலும், தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் ஒற்றை அடையாகப் பெரிய கூடு கட்டுவது மலைத்தேனீ. புதர்க் கிளைகளில் உள்ளங்கை அளவுக்குச் சின்னக் கூடு கட்டுவது கொம்புத் தேனீ. மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத் தேனீ, இதையே இந்தியத் தேனீ என்றும் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பெட்டிகளில் வளர்க்கப்படுவது இத்தாலியத் தேனீ. கொசு அளவே இருந்து, சுவர் ஓட்டைகளில் மெழுகுக் குழாய் போல வாசல் வைத்து வாழ்வது கொசுத் தேனீ. இந்தக் கடைசி வகை கொட்டவே கொட்டாது.

இவற்றைத் தவிர, கூட்டமாக வாழாத தேனீக்கள் ஏராளம். உண்மையில் உலகின் பெரும்பாலான தேனீ இனங்கள் தனித்தே வாழ்பவை. ராணி கிடையாது, வேலைக்காரர் கிடையாது. ஒரு பெண் தேனீ தானே கூடு அமைத்து, தானே மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, வாசலை அடைத்துவிட்டுப் போய்விடும். இவற்றில் பெரும்பகுதி மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்கின்றன. காய்ந்த மரக்கட்டையைக் குடைந்து வாழும் பெரிய கருநிறத் தேனீயைப் பலரும் கருவண்டு என்றே நினைக்கிறார்கள். அதன் சரியான பெயர் தச்சுத் தேனீ.

இந்தத் தச்சுத் தேனீயின் வேலை ஒன்று சுவையானது. கத்தரி, தக்காளிப் பூக்களில் மகரந்தம் வெளியே தூளாக இருக்காது. மகரந்தப் பைகளுக்குள் மூடிக் கிடக்கும், நுனியில் மட்டும் சிறு துளை இருக்கும். மிளகுத்தூள் டப்பா மாதிரி. உலுக்கினால்தான் கொட்டும். தச்சுத் தேனீயும் நீலப் பட்டைத் தேனீயும் பூவைப் பிடித்துக்கொண்டு, உடம்பை "ர்ர்ர்" என்று அதிர வைத்து மகரந்தத்தை உதிர்க்கின்றன. பெட்டியில் வளரும் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரியும் தக்காளியும் காற்றின் அசைவிலும் தாமாக ஓரளவு காய்க்கும் என்றாலும், இப்படி உலுக்கிவிட ஆள் இருந்தால் காய்ப்பு மேம்படுகிறது.

பழந்தமிழர்கள் இந்த வேறுபாடுகளைக் கண்டிருக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று பூவை நாடும் பூச்சிகளுக்குப் பல பெயர்கள் வருகின்றன. இன்று படித்தவர்களிடம் கேட்டாலும் "தேனீ", "வண்டு" என்ற இரண்டு சொற்களுக்கு மேல் வருவது அரிது. பெயர் தெரியாத எதையும் "பூச்சி" என்று சொல்லி மருந்து அடித்துவிடுவது சுலபமாகிவிட்டது.

ரோஜாச் செடியில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. இலைகளின் ஓரத்தில் கத்தரியால் வெட்டியது போல வட்டமாகச் சில துண்டுகள் காணாமல் போயிருக்கும். புழு தின்றுவிட்டது என்று எண்ணி மருந்து அடிப்பார்கள். அது இலைவெட்டித் தேனீயின் வேலை. அது இலையைத் தின்பதில்லை. வெட்டிய துண்டைச் சுருட்டித் தன் குஞ்சுக்குத் தொட்டில் செய்கிறது. செடிக்கு அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை.

தேனீ இல்லாவிட்டால் மனிதன் அழிவானா?

தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனமும் அழியும் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு வாசகம் எங்கு பார்த்தாலும் உலவுகிறது. பேச்சுப் போட்டிகளில் இதைச் சொல்லாத மாணவர்களே குறைவு. ஆனால் ஐன்ஸ்டீன் அப்படிச் சொன்னதற்கு அவர் எழுத்திலோ பேச்சிலோ எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அதன் பொருளும் முழுவதும் சரியல்ல. அரிசி, கோதுமை, சோளம் ஆகியவற்றுக்குத் தேனீ தேவையில்லை. ஆகவே மனிதன் பட்டினியால் உடனே அழிந்துவிட மாட்டான்.

அப்படியானால் கவலை இல்லையா? இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் இயங்கும், பல்லுயிர்ச் சூழல் பற்றிய அரசுகளிடை அறிவியல் குழு 2016ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் தேனீ போன்ற உயிரினங்களின் மகரந்தச் சேர்க்கையை ஓரளவாவது நம்பியிருக்கின்றன என்று அது கூறுகிறது. உற்பத்தியின் எடையைக் கணக்கிட்டால் அது சுமார் 35 விழுக்காடு. தட்டில் சோறு இருக்கும். ஆனால் பூசணிக் கூட்டு, பாகற்காய்ப் பொரியல், வெள்ளரிப் பச்சடி, மாம்பழம், தர்பூசணி, முந்திரி, கொத்தமல்லி விதை, சூரியகாந்தி எண்ணெய் என்று ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வரும், விலையும் ஏறும். உடலுக்கு வேண்டிய வைட்டமின்களும் தாதுச் சத்துகளும் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. வயிறு நிறையும், உடம்புக்குச் சத்து இருக்காது. அதிலும் முதலில் பாதிக்கப்படுவது விலை கொடுத்து வாங்க முடியாத ஏழைகள்தான்.

தேனீயின் வேலையை மனிதனே செய்துகொள்ள முடியாதா என்று கேட்கலாம். செய்து பார்த்த இடங்கள் உண்டு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹன்யுவான் என்ற வட்டாரம் பேரிக்காய்க்குப் பேர்போனது. அங்கே 1980களிலிருந்து தொழிலாளர்கள் மரத்துக்கு மரம் ஏறி, கோழி இறகு கட்டிய கம்பால் ஒவ்வொரு பூவிலும் மகரந்தம் தடவுகிறார்கள். அளவுக்கு மீறிய பூச்சிக்கொல்லி அதற்கு ஒரு முக்கியக் காரணம். மருந்து அடிக்கும் தோட்டங்களுக்குத் தங்கள் பெட்டிகளைக் கொண்டுவரத் தேனீ வளர்ப்போரும் தயங்கினார்கள். கூலி மலிவாக இருக்கும் வரைதான் இப்படிச் செய்ய முடியும்.

வனிலாவின் கதையும் இதுபோன்றதே. மெக்சிகோவின் இந்தக் கொடியை வேறு நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் பூவுக்கு வரும் பூச்சிகள் அங்கே இல்லை. 1841ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியால் மகரந்தத்தைச் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் பூவுக்குப் பூ கையால்தான் இந்த வேலை நடக்கிறது. விலை உயர்ந்த வாசனைப் பொருளுக்கு அது கட்டுப்படியாகும். வீட்டுப் பூசணிக்கும், கிலோ இருபது முப்பது ரூபாய்க்கு விற்கும் காய்களுக்கும் அது கட்டுப்படியாகுமா?

தேனீக்களுக்கு என்ன ஆயிற்று?

2006 குளிர்காலம் தொடங்கி அமெரிக்காவில் தேனீ வளர்ப்போர் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். பெட்டியில் ராணி இருக்கும், தேன் இருக்கும், குஞ்சுகளும் இருக்கும். வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் கூட்டத்தோடு காணாமல் போயிருக்கும். ஒற்றைக் காரணம் எதுவும் அகப்படவில்லை. ஒட்டுண்ணிகள், வைரஸ் நோய்கள், பூச்சிக்கொல்லிகள், போதிய உணவின்மை என்று பல தொல்லைகள் சேர்ந்தே தேனீக்களை வீழ்த்துகின்றன என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

பூச்சிக்கொல்லிகளில் சில வகைகள் செடியின் மேல் மட்டும் தங்குவதில்லை. இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவி, சாற்றோடு சேர்ந்து, பூவின் இனிப்பு நீரிலும் மகரந்தத்திலும் வந்துவிடுகின்றன. தேனீயை உடனே கொல்லாவிட்டாலும் அதன் நினைவையும் வழி கண்டுபிடிக்கும் திறனையும் குலைக்கின்றன. கூட்டுக்குத் திரும்ப வழி தெரியாத தேனீ செத்ததற்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளை 2013ல் கட்டுப்படுத்தி, 2018ல் திறந்தவெளிப் பயன்பாட்டுக்கு முழுவதும் தடை செய்தது.

"அப்படியானால் ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்துவிட்டால் போதுமே" என்று சிலர் நினைக்கிறார்கள். தேனீ வளர்ப்பு நல்ல தொழில்தான். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் அதற்குப் புகழ்பெற்ற இடம். ஆனால் ஒரே இனத்தை நம்பியிருப்பதில் ஆபத்து உண்டு என்பதையும் அந்த வட்டாரமே கண்டிருக்கிறது. 1991, 1992 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியது. புழுப் பருவத்திலேயே குஞ்சுகளைக் கொல்லும் இந்த நோயால் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. எத்தனையோ குடும்பங்களின் வருமானம் போனது. அப்படி ஓர் இனம் வீழும்போது பூக்களைக் காப்பாற்றுவது பெட்டிக்கு வெளியே வாழும் மற்ற தேனீக்கள்தான். அவற்றுக்குப் பெட்டி தேவையில்லை. கொஞ்சம் பூ, கொஞ்சம் வெற்று மண், கொஞ்சம் காய்ந்த குச்சி, விஷம் இல்லாத ஒரு காலை நேரம், இவ்வளவுதான் தேவை.

பயமும் தீப்பந்தமும்

தேனீக்கள் அழிவதற்கு இன்னொரு காரணம் பயம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மலைத்தேனீ கூடு கட்டினால் முதலில் எழும் குரல் "கொளுத்திவிடு" என்பதுதான். இரவில் பந்தம் காட்டி எரித்துவிட்டால், காலையில் தரையெல்லாம் கருகிய தேனீக்கள் கிடக்கும்.

மலைத்தேனீ கொட்டினால் ஆபத்து என்பது உண்மை. கூட்டமாகக் கொட்டி உயிர் போன சம்பவங்களும் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு கொட்டே ஆபத்தாகலாம், அவர்களை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக்கூட வாசலில் கூடு இருந்தால் விவரம் தெரிந்தவர்களை அழைத்து அகற்றத்தான் வேண்டும். ஆனால் எட்டாத உயரத்தில், யாரையும் தொந்தரவு செய்யாமல் இருக்கும் கூட்டை என்ன செய்வது? மலைத்தேனீ நிரந்தரமாக ஓரிடத்தில் இருப்பதில்லை. பருவம் மாறும்போது கூட்டத்தோடு இடம்பெயர்ந்துவிடும். கல் எறியாமல், புகை போடாமல், பொறுமையாக இருந்தால் சில மாதங்களில் வெறும் அடை மட்டுமே மிஞ்சும். சுவர் இடுக்கில் உள்ள இந்தியத் தேனீக் கூட்டத்தை, தேனீ வளர்ப்பவர்கள் உயிரோடு பெட்டிக்கு மாற்றி எடுத்துப் போவார்கள்.

கூட்டைக் காப்பதற்காகவே தேனீ கொட்டுகிறது. பூவில் மகரந்தம் சேர்க்கும் தேனீயைக் கையால் நசுக்கினாலோ மிதித்தாலோ ஒழிய அது கொட்டுவது அரிது. கொட்டும் தேனீக்கள் எல்லாம் பெண் தேனீக்களே. அதிலும் கூட்டமாக வாழும் தேன் தேனீ மனிதனைக் கொட்டினால், கொடுக்கு தோலில் மாட்டிக்கொள்ள, அது தன் உயிரையே விட்டுவிடுகிறது.

தோட்டத்தில் செய்ய வேண்டியவை

பெரிய தோட்டம் வேண்டும் என்பதில்லை. மாடியில் பத்துத் தொட்டி இருந்தாலும் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. பூத்திருக்கும் செடிக்கு மருந்து அடிக்கக் கூடாது. இது முதல் விதி. இயற்கை மருந்து என்று சொல்லி வேப்பெண்ணெயைக் காலையில் பூமேல் தெளிப்பதும் தவறுதான். தெளித்தே ஆக வேண்டுமானால், தேனீ நடமாட்டம் நின்ற பிறகு, அந்தி சாய்ந்து, பூவில் படாமல் இலைகளுக்கு மட்டும் தெளிக்க வேண்டும்.

2. எந்தப் பூ எப்போது விரியும் என்று தெரிந்திருக்க வேண்டும். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் விரிபவை. சுரை, புடலை, பீர்க்கு ஆகியவை மாலையிலும் இரவிலும் விரிபவை. அவற்றுக்கு அந்துப்பூச்சிகளும் விருந்தாளிகள். அந்தக் கொடிகளுக்கு மாலையில் தெளிப்பதும் ஆபத்துதான்.

3. சாம்பல், கைப்பொறுக்கல், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தல் ஆகியவற்றை முதலில் முயல வேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் தொடக்கத்தில் இவற்றுக்கே பெரும்பாலும் கட்டுப்படும்.

4. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு பூ இருக்க வேண்டும். துளசியின் கதிரை எல்லாம் கிள்ளிவிடாமல் கொஞ்சம் பூக்க விடலாம். கொத்தமல்லியிலும் கடுகிலும் சில செடிகளைப் பறிக்காமல் விட்டால், அந்தப் பூக்களில் கொசுத் தேனீ மொய்க்கும். இடம் உள்ளவர்கள் முருங்கை, வேம்பு, புங்கன், தென்னை வைக்கலாம். இதழ் மேல் இதழாக அடுக்கிய கலப்பினப் பூக்கள் பார்க்க அழகு, தேனீக்கு அவற்றில் கிடைப்பது குறைவு. ஒற்றை அடுக்குப் பூக்களே மேல்.

5. தண்ணீர் வைக்க வேண்டும். ஆழமில்லாத மண் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு, கற்கள் மூழ்காத அளவுக்கு நீர் ஊற்றினால் தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும். கொசு முட்டையிடாமல் இருக்க இரண்டு நாளுக்கு ஒரு முறை நீரை மாற்ற வேண்டும்.

6. முற்றம் முழுவதையும் சிமெண்டால் பூசிவிடாமல், வெயில் படும் ஒரு மூலையிலாவது வெறும் மண்ணை விட்டுவைக்க வேண்டும். மண்ணில் வாழும் தேனீக்களுக்கு அதுதான் வீடு. மூங்கில் துண்டுகளையும் உள்ளீடற்ற குச்சிகளையும் கட்டாகக் கட்டி, மழை படாத இடத்தில் தொங்கவிட்டால் தனித் தேனீக்கள் குடியேறும்.

7. தேனீ வராத உயரமான மாடிகளில் கையால் உதவலாம். காலையில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, அதன் நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினால் போதும். ஆனால் இது தற்காலிக வழிதான்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. கொஞ்சம் கவனித்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் போதும்.

முடிவுரை

ஸ்லோவேனியா நாடு கேட்டுக்கொண்டதற்கு இணங்க, மே 20ஆம் நாளை உலகத் தேனீக்கள் நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2017ல் அறிவித்தது. 2018 முதல் அது கொண்டாடப்படுகிறது. விழாக்களும் சுவரொட்டிகளும் நல்லவைதான். ஆனால் தேனீ பிழைப்பதும் சாவதும் சுவரொட்டியில் இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும், காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், யார் கையில் என்ன இருக்கிறது என்பதில் இருக்கிறது. தோட்டத்தை வெறுப்பவர் யாரும் மருந்து அடிப்பதில்லை. செடியின் மேல் ஆசை உள்ளவர்தான் அடிக்கிறார். அந்த ஆசையோடு கொஞ்சம் அறிவும் சேர வேண்டும்.

அந்த ஆச்சி வீட்டில் பிறகு என்ன நடந்தது? பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்தான். கொடியைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு பூவைப் பறித்துக் காட்டி, "ஆச்சி, இது ஆம்பளப் பூ. அடியில உருண்டையா இருக்கு பாருங்க, அது பொம்பளப் பூ. ரெண்டையும் சேத்து வைக்கத் தேனீ வரணும். நீங்க அதுக்கு மருந்து அடிச்சுட்டீங்க" என்றான். ஆச்சிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "ஏல, எம்மாம் பெரிய காய், இத்துனூண்டு ஈயா காய்க்க வைக்குது?" என்று சிரித்தார். ஆனாலும் மருந்துப் புட்டி மூலைக்குப் போனது. பேரன் இருந்த நாட்களில் காலையில் எழுந்து கையால் மகரந்தம் தடவினான். இரண்டு பிஞ்சு நின்றது. அவன் ஊருக்குத் திரும்பிய பிறகு ஆச்சிக்குக் கூரை மேல் ஏற முடியவில்லை. இனி தேனீதான் கதி என்று விட்டுவிட்டார். கிணற்றடித் துளசியைக் கிள்ளாமல் பூக்க விட்டார். பக்கத்திலேயே ஒரு மண் சட்டியில் தண்ணீரும் வைத்தார்.

அந்த வருடம் பெரிதாக ஒன்றும் காய்க்கவில்லை. அடுத்த தைக்குப் பிறகு போட்ட கொடியில் ஏழு காய் காய்த்தது. ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போனது. "என்ன மருந்து அடிச்சீங்க ஆச்சி?" என்று அவர் கேட்டாராம். "ஒண்ணும் அடிக்கலய்யா. காலையில அந்தப் பக்கம் போகாம இருந்தேன், அவ்வளவுதான்" என்றாராம் ஆச்சி.

கொட்டகை முகப்பில் அந்தப் பழைய செருப்பு மட்டும் இன்னும் தொங்குகிறது. அதை அவிழ்க்க ஆச்சிக்கு மனம் வரவில்லை. அது கிடக்கட்டும். அதனால் தேனீக்கு ஒரு தொந்தரவும் இல்லை.